நாற்பத்தெட்டு எண்கள்

தணிகாசலம் சார் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்திருந்தார். மேசை மேல் அவர் வீட்டுக் கம்ப்யூட்டர். திரை முழுக்க நீல நிறம். நடுவில் வெள்ளை எழுத்தில் நாலு வரி ஆங்கிலம், அதற்குக் கீழே எண் போடுவதற்கு ஒரு கட்டம்.

"இது என்னம்மா கேக்குது?" என்றார்.

"ஒரு நம்பர் கேக்குது சார். நாப்பத்தெட்டு எண்ணு."

"போடேன்."

"என்கிட்ட இல்லை சார்."

"பின்ன யார்கிட்ட இருக்கு?"

"இந்தக் கம்ப்யூட்டரை முதல்ல யாரு செட் பண்ணிக் குடுத்தாங்களோ, அவங்ககிட்ட இருக்கும்."

அவர் பையின் காதைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். முடிச்சூர் சாலையில் ஒரு தண்ணீர் லாரி நின்ற இடத்திலேயே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்துக் கடையில் பஜ்ஜிக்கு எண்ணெய் காய்கிற வாசனை. முற்பகல் வேளைதான், ஆனாலும் எனக்கு முதுகெல்லாம் வியர்த்திருந்தது.

அந்த நீலத் திரையை வரவழைத்தது நான். இத்தனை வாரமாக இந்தத் தொடரில் என் கெட்டிக்காரத்தனத்தையே எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த வாரம் இதையும் எழுதிவிடுகிறேன்.

பிஸ்கட் டின்

'பயாஸ், பயாஸ் என்கிறீர்களே, அது என்ன வஸ்து?' என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. கம்ப்யூட்டரின் உள்ளே மதர்போர்டு என்று ஒரு பெரிய பலகை இருக்கிறது. அதில் சுண்டுவிரல் நகத்தளவு ஒரு சிப். அந்தச் சிப்புக்குள் இருக்கும் சின்ன புரோகிராம்தான் பயாஸ். நீங்கள் பொத்தானை அழுத்தியதும் முதலில் கண் விழிப்பது அதுதான். அது எழுந்து மெமரி, டிஸ்க், கீபோர்டு என்று ஒவ்வொருவரையாகத் தட்டி எழுப்பினால்தான் மற்றதெல்லாம் நடக்கும்.

போர்டு செய்த கம்பெனிக்காரர்கள் அவ்வப்போது இதற்குப் புதிய பதிப்பு விடுவார்கள். பழையதை அழித்துப் புதியதை எழுத நாலைந்து நிமிடம் ஆகும். அந்த நாலைந்து நிமிடத்துக்குள் கரண்ட் போனால் பழையதும் இருக்காது, புதியதும் இருக்காது. போர்டு கண்ணே திறக்காது.

நான் ரிப்பேர் கடை போட்ட புதிதில் சேலையூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் அப்படி ஒரு போர்டைக் கொன்றேன். யுபிஎஸ் இருக்கிறதே என்ற தைரியம். அதன் பேட்டரி எப்போதோ செத்துப்போயிருந்ததை நான் பார்க்கவில்லை. பாதி வேலையில் தெருவே இருட்டாகிவிட்டது. சென்டர் நடத்திய அம்மாள் ஒரு வார்த்தை திட்டவில்லை. "பரவால்லம்மா, புழுக்கமா இருக்கு, வெளிய வந்து உக்காரு" என்றார். திட்டியிருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. யார் கம்ப்யூட்டர் வந்தாலும், பயாஸில் கை வைக்கும் முன் பழையதைப் பென்டிரைவில் பேக்கப் எடுப்பேன். அதில் பேர் எழுதிய காகிதம் ஒட்டி, ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போடுவேன். யுபிஎஸ் பேட்டரியைச் சோதிப்பேன். சுவிட்சின் மேல் யாரும் கை வைக்காதபடி டேப் ஒட்டுவேன். மேற்குத் தாம்பரத்தில் எனக்குப் 'பேக்கப் அக்கா' என்றே பேர் விழுந்துவிட்டது.

எங்கள் ஸ்டாண்டு ஆட்டோக்காரர் ஏழுமலை இன்னும் ஒரு படி மேலே போவார். "அக்கா, எனக்கும் ஒரு பேக்கப் எட்த்து வெச்சிக்க. இன்னிக்கு வூட்டுக்குப் போனா இன்னா ஆவும்னு தெரியல."

எனக்குப் பெருமைதான். ஊரில் பயாஸ் பேக்கப் எடுக்கிற ஒரே பொம்பளை என்று நானே சொல்லிக்கொள்வேன்.

இன்னொரு வழக்கமும் உண்டு. வாடிக்கையாளர்களின் விண்டோஸுக்குள் அநாவசியமாகப் போக மாட்டேன். அவர்கள் படங்கள், கடிதங்கள், ஆஸ்பத்திரி ரிப்போர்ட் எல்லாம் அங்கே கிடக்கும். அடுத்தவர் பீரோவைத் திறந்து பார்க்க எனக்கு என்ன உரிமை? பயாஸ் வேலை என்றால் பயாஸோடு நிறுத்திக்கொள்வேன். இதிலும் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

ஆதார் படம்

தணிகாசலம் சாருக்கு வீடு மாடம்பாக்கத்தில், கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது தெரு. ஒரு பள்ளிக்கூடத்தில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைக் கைப் பொத்தானை எப்போதும் போட்டிருப்பார். ஏழுமலை ஆட்டோவில் கம்ப்யூட்டரைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார்.

"திக்குதும்மா" என்றார்.

"என்ன சார் திக்குது?"

"இதுதான். ஒரு படத்தைப் பார்த்துட்டு அடுத்ததுக்குப் போனா அப்படியே நிக்குது. அப்புறம் போகுது. மறுபடி நிக்குது. அஞ்சு படம் பார்க்கறதுக்குள்ள எனக்குப் பொறுமை போயிடுது."

அவர் மனைவி சகுந்தலா அம்மாள் இறந்து ஒரு வருஷம் முடியப்போகிறது. திடீர்ச் சாவு. அந்த அவசரத்தில் வீட்டில் யாருக்கும் படம் தேடத் தோன்றவில்லை. யாரோ ஆதார் அட்டையைக் கொண்டுபோய், அதில் இருந்ததையே பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து மாட்டிவிட்டார்கள்.

ஆதார் படத்தில் யார்தான் நன்றாக இருக்கிறோம்? என் படத்தைக் காட்டினால் போலீஸ்காரர் என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

"அவ இப்படி முறைச்சு நான் பார்த்ததே இல்லைம்மா" என்றார் சார். "தினம் விளக்கேத்தும்போது நிமிர்ந்து பார்த்தா, நான் என்னவோ தப்பு பண்ணிட்ட மாதிரி முறைக்கிறா. வருஷத் திதிக்கு இன்னும் ஒம்பது நாள் இருக்கு. அதுக்குள்ள ஒரு நல்ல படமா எடுத்து மாட்டிடணும். சிரிச்ச மாதிரி. எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு."

"வேற எங்கயும் இல்லையா சார்? போன்ல? ஆல்பத்துல?"

"ஆல்பம் எல்லாம் மழைத் தண்ணி வீட்டுக்குள்ள வந்தப்பவே ஒட்டிப்போச்சு. ஒட்டினதைப் பிரிச்சு, காய வெச்சு, ஸ்கேன் பண்ணி இதுல போட்டதுதான். அவளும்..." என்று ஆரம்பித்து, "வீட்ல உக்காந்து பண்ணினாங்க" என்று முடித்தார். அவளும் யாரும் என்று நான் கேட்கவில்லை.

கம்ப்யூட்டர் நல்ல கம்ப்யூட்டர். விஷயம் தெரிந்த யாரோ பார்த்துப் பார்த்து வாங்கியது. அந்த வகைப் போர்டுகளுக்கு இந்தத் திக்கல் தெரிந்த வியாதிதான். கம்பெனியே அதற்குப் புதிய பயாஸ் விட்டிருந்தது. நாளைக்கு வாருங்கள் சார், ஜோராக ஓடும் என்று அனுப்பிவைத்தேன்.

ஒரு எழுத்து

எல்லாம் முறைப்படி செய்தேன். பயாஸுக்குள்ளேயே சேமிக்கிற வசதி உண்டு. அதில் பழையதைப் பென்டிரைவில் எடுத்து, 'தணிகாசலம், மாடம்பாக்கம்' என்று எழுதி ஒட்டினேன். டின்னில் போட்டேன். டேப் ஒட்டினேன். புதியது ஏறியது. கம்ப்யூட்டர் ஒரு தரம் அணைந்து எரிந்தது.

கறுப்புத் திரையில் ஒரு பத்தி ஆங்கிலம் வந்தது. Y அழுத்தவா, N அழுத்தவா என்று கேட்டது.

நான் Y அழுத்தினேன்.

படிக்கத் தெரியாமல் இல்லை. இந்தத் தொழிலில் ஒரு நாளைக்கு நாற்பது தடவை 'ஆமாவா, இல்லையா' என்று எதையாவது அது கேட்கும், நாமும் ஆமாம் ஆமாம் என்று தட்டிக்கொண்டே போவோம். அந்தப் பத்தியின் நடுவில் தெளிவாக எழுதியிருந்தது: டிஸ்க்குக்குப் பூட்டுப் போட்டிருந்தால் Y அழுத்தாதே, அப்புறம் மீட்புச் சாவி இல்லாமல் திறக்காது. பிறகு வேறொரு கம்ப்யூட்டரில் அதே பத்தியைப் பொறுமையாகப் படித்தேன். எந்தப் பிரயோஜனமும் இல்லாத பொறுமை.

சாரின் டிஸ்க்கில் பூட்டு இருந்தது. உள்ளே இருப்பதையெல்லாம் யாரும் படிக்க முடியாதபடி குழப்பி வைக்கிற பூட்டு. அதன் சாவியை இந்தப் போர்டே ரகசியமாக வைத்துக்கொண்டு தினமும் திறந்துவிட்டுக்கொண்டிருந்ததால் அவருக்குப் பூட்டு இருப்பதே தெரியாது. நான் ஒரு எழுத்தைத் தட்டி அந்தச் சாவியை அழித்துவிட்டேன்.

ஓடிப்போய் டின்னைத் திறந்தேன். பழைய பயாஸைத் திரும்ப ஏற்றினேன். பயாஸ் வந்தது, சாவி வரவில்லை. பேக்கப்பில் இருந்தது புரோகிராம் மட்டும்தான். சிப்பில் இருந்ததை மொத்தமாகப் படித்து எடுத்திருந்தால் ஒருவேளை பிழைத்திருக்குமோ என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

தொடங்கும் முன் ஒரே ஒரு முறை விண்டோஸுக்குள் போய்ப் பூட்டு இருக்கிறதா என்று பார்த்திருந்தால் போதும். ரெண்டு கிளிக்கில் அதைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருக்கலாம். அடுத்தவர் பீரோ, அநாவசியம், என்று நான் போகவில்லை. என் நல்ல பழக்கமே என்னைக் கவிழ்த்துவிட்டது என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பொய். மெத்தனம்தான்.

மறுநாள் சார் வந்தார். அந்தக் காட்சியைத்தான் முதலில் எழுதினேன். யார் செட் பண்ணிக் கொடுத்தது என்று நான் கேட்டதற்கு அவர் கடைசிவரை பதில் சொல்லவில்லை. எழுந்துகொண்டார்.

"வேணாம்மா. அந்தப் படமே இருக்கட்டும்" என்றார். கம்ப்யூட்டரைக்கூட எடுத்துக்கொள்ளாமல் படி இறங்கிப் போய்விட்டார்.

கேட்டாண்ட

ஏழுமலைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவரும் மாடம்பாக்கம்தான்.

"அவர் புள்ளதாங்க்கா செட் பண்ணிக் குட்த்தது. இளங்கோன்னு பேரு. கம்ப்யூட்டர் கம்பேனில கீறான். தங்கமான பையன்."

"அப்ப அவனைக் கேட்டா முடிஞ்சுதே."

"எப்டிக்கா கேப்பாரு? அந்தப் பையன் பீர்க்கன்கரணைல ஒரு கிறிஸ்டின் பொண்ணக் கட்டிக்கினான். அத்தோட பேச்சு கட். அந்தம்மா மட்டும் இவருக்குத் தெரியாம போய்ப் பாத்துகினு இருந்திச்சி. நான்தான் ஆட்டோல இட்டுகினு போவேன். அப்பால அந்தம்மா பூட்ச்சா, பையன் ஓடியாந்தான்."

ஏழுமலை பீடியைப் பற்றவைக்காமல் விரலிலேயே உருட்டிக்கொண்டிருந்தார்.

"கொள்ளி வெக்க வுடலக்கா. தம்பி புள்ளையக் கூப்ட்டு வெக்கச் சொல்லிட்டாரு. பையன் சுடுகாட்டுக் கேட்டாண்டயே நின்னுகினு இருந்தான். எல்லாரும் திரும்பி வர்ற வரிக்கும் நின்னான். நாங்க வெளிய வந்தப்பக்கூட இவுரு அவன நிமிந்து பாக்கலக்கா."

பெற்ற தாய்க்குக் கொள்ளி வைக்க விடவில்லை. எனக்குச் சாரின் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. அந்த நீலத் திரை அவருக்கு வேண்டியதுதான் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். நினைத்ததை மறைப்பானேன்? அடுத்த கணம், எட்டு நாளில் வரும் திதியன்றும் அந்த வீட்டில் விளக்கேற்றி, அந்த முறைக்கிற படத்தைப் பார்த்துக்கொண்டு அவர் தனியாக நிற்பதை நினைத்துவிட்டேன்.

இளங்கோ இருந்தது குரோம்பேட்டையில். மாடம்பாக்கத்திலிருந்து ஆட்டோவில் அரை மணி.

இந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டுத் திதிக்கு மகன் வந்தானா என்று யாரும் கடிதம் எழுத வேண்டாம். வரவில்லை. சார் கூப்பிடவும் இல்லை. பின்னால் சாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருக்குக் கொள்ளி வைத்தது இளங்கோதான் என்று ஏழுமலை சொன்னார். தடுக்கத்தான் அவர் இல்லையே.

முதலிலிருந்து

அந்தப் படமே இருக்கட்டும் என்று படி இறங்கிப் போன மூன்றாம் நாள், கடை திறந்த கையோடு சார் வந்து நின்றார். அதே துணிப்பை. என்னைப் பார்க்காமல் மேசை மேலிருந்த, ரிப்பேர் விவரம் எழுதுகிற ஜாப் கார்டை இழுத்து, பின்பக்கத்தில் பத்து இலக்கம் எழுதினார். ஒரு இடத்தில்கூடத் தயங்கவில்லை.

"போன்ல இல்லை. அழிச்சுட்டேன்" என்றார். "நீ பேசு."

நான் போனை ஸ்பீக்கரில் போட்டேன். மாடம்பாக்கம் தணிகாசலம் சார் விஷயமாக என்று ஆரம்பித்ததுமே எதிர்முனையில் குரல் மாறியது.

"அப்பாவுக்கு என்ன மேடம்? எங்க இருக்காரு?"

"நல்லா இருக்கார்ப்பா. என் எதிர்லதான் உக்காந்திருக்கார்" என்று சொல்லி, நான் செய்த கூத்தை ஒளிக்காமல் சொன்னேன். அம்மாவின் படம், திதி, பூட்டு, நான் தட்டிய Y எல்லாவற்றையும்.

"கீ என்கிட்ட இருக்கு மேடம். என் அக்கவுன்ட்லதான் இருக்கு" என்றான்.

எனக்கு உயிர் வந்தது. "அப்படியே ஒரு மெசேஜ்ல அனுப்பிடுப்பா, புண்ணியமாப் போகும்."

"மெசேஜ்ல அனுப்ப மாட்டேன். அவரே கேக்கட்டும். நான் படிக்கறேன், அவர் போடட்டும்."

"தப்பு என்னுதுப்பா. அவரை ஏன்..."

"நீங்க பண்ணினது தப்பே இல்ல மேடம். அவரைக் கேக்கச் சொல்லுங்க."

சார் எழுந்துவிட்டார். பையை எடுத்துக்கொண்டார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, வாடிக்கையாளர் என்றும் பார்க்கவில்லை, வயசு என்றும் பார்க்கவில்லை.

"உக்காருங்க சார்!" என்று கத்தினேன். "அந்தம்மா ஒரு வருஷமா முறைச்சுக்கிட்டு இருக்காங்க. ஆயுசுக்கும் முறைக்கட்டுமா? உக்காருங்க."

பஜ்ஜிக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். சார் அப்படியே நின்றார். நீலத் திரையைப் பார்த்தார். கட்டத்துக்குள் கோடு விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. உட்கார்ந்தார். கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சொல்லு" என்றார் போனைப் பார்த்து.

"என்ன சொல்லணும்?"

"நம்பர்."

போனுக்குள் ஒரு மின்சார ரயில் போகிற சத்தம் கேட்டது. அது முழுக்கப் போய் முடிந்தது. மன்னிப்பையோ, குறைந்தபட்சம் தன் பேரையோ, எதை எதிர்பார்த்தானோ அந்தப் பிள்ளை. கிடைத்தது 'நம்பர்' என்கிற ஒரு சொல். வைத்துவிடுவான் என்றே நினைத்தேன்.

"ரெண்டு, ஏழு, ஒண்ணு" என்று படிக்கத் தொடங்கினான். "நாலு, மூணு, ஆறு."

சார் ஆள்காட்டி விரலால் ஒவ்வொன்றாகத் தட்டினார். நான் ஜாப் கார்டில் எழுதிக்கொண்டே வந்தேன்.

"போட்டேன்" என்றார் சார்.

"அஞ்சு, பூஜ்யம், எட்டு. ரெண்டு, ஒண்ணு, ஒண்ணு."

"போட்டேன்."

ஆறு ஆறாக எட்டுத் தடவை. இத்தனை வருஷத்துக்கு அப்புறம் அப்பனும் மகனும் பேசிக்கொண்டது இவ்வளவுதான். கடைசி ஆறும் முடிந்தது. நான் கை நீட்டி என்டரைத் தட்டினேன்.

நீலம் போய்விட்டது. புள்ளிகள் வட்டமாகச் சுற்றின. பிறகு முகப்புப் படமாகத் திரை முழுக்க சகுந்தலா அம்மாள் வந்தார்.

திருநீர்மலைப் படிக்கட்டு. கையில் புளியோதரைப் பொட்டலம். யாரோ எதையோ சொல்லியிருக்க வேண்டும், வாய் நிறையச் சோற்றோடு கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறார். பக்கத்தில் ஒல்லியாக ஒரு பையன் அவர் தோளில் சாய்ந்துகொண்டு, அவனும் சிரிக்கிறான். இளங்கோ என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூக்கு அப்படியே சாரின் மூக்கு.

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வந்துடுச்சு என்று சொல்ல வாயைத் திறந்தேன். சார் என் பக்கம் திரும்பாமலே உள்ளங்கையைக் காட்டித் தடுத்தார்.

போனைக் கிட்டே இழுத்துக்கொண்டார்.

"தப்புன்னு சொல்லுது" என்றார்.

"எந்த ஆறுல தப்புன்னு அதுவே காட்டுமே. காட்டலையா?"

"காட்டலை. மொதல்லேருந்து சொல்லு."

தப்பு எங்கே என்று அந்தத் திரை காட்டாமல் இருக்காது. எனக்கே தெரியும்போது, கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிற அவனுக்குத் தெரியாதா? அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரிப்பா" என்றான்.

"ரெண்டு... ஏழு... ஒண்ணு..."

இந்தத் தடவை மெதுவாகப் படித்தான். சார் கீபோர்டைத் தொடவில்லை. ஜாப் கார்டில் நான் எழுதி வைத்திருந்த எண்களின் மேல் விரலை வைத்து, அவன் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டே வந்தார். ஆறு முடிந்ததும் "போட்டேன்" என்றார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை. துடைத்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும். நான் எழுந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதேன்.

எட்டாவது ஆறும் முடிந்தது.

"இப்ப வந்துச்சாப்பா?"

சார் நிமிர்ந்து திரையைப் பார்த்தார்.

"இல்லை" என்றார். "இன்னொரு தடவை சொல்லு."